12 வோல்ட் இருந்தும் திணறும் பெட்ரோல் பம்ப்: பழைய வேனில் மின்பழுதைக் கண்டறியும் முறை

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், விடியற்காலையில் காய்கறிக் கூடைகளை ஏற்றிச் செல்லும் பழைய பெட்ரோல் வேன்கள் சில, வளைவுக்கு முன்பே தயங்கித் தயங்கி நின்றுவிடுவதை இந்தப் பக்கத்தார் பார்த்திருப்பார்கள். சமதளத்தில் எந்தக் குறையும் காட்டாத வண்டி, ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றியதும் இழுவை இழந்து, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறிக் கடைசியில் அணைந்துபோகும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பும். என் தம்பியின் வேனுக்கு இதே நோய் வந்தபோது, இரண்டு மாதங்களில் இரண்டு முறை பெட்ரோல் பம்ப் மாற்றப்பட்டது. நோய் போகவில்லை. பழுது பம்பில் இல்லை, பம்புக்குப் போய் வரும் மின்சாரத்தின் பாதையில்தான் இருக்கிறது என்பதைக் குமுளியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அரை மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தார். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அவர் அன்று செய்து காட்டியதை, வண்டி வைத்திருக்கும் எவரும் புரிந்துகொள்ளும்படி எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் பம்ப் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாருதி நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்தி, பிறகு ஆம்னி என்று பெயரிட்ட வேனின் தொடக்ககால வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. அவற்றில் இன்ஜினின் சுழற்சியாலேயே இயங்கும் பம்ப் ஒன்று பெட்ரோலை உறிஞ்சிக் கொடுத்தது. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. பின்னர் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்களால் பெட்ரோல் செலுத்தும் முறை) வண்டிகளில், பெட்ரோலை இன்ஜெக்டர்கள் நுண்ணிய துளிகளாகப் பீய்ச்ச வேண்டியிருப்பதால், ஏறக்குறைய 2.5 முதல் 3 பார் வரையிலான அழுத்தம் எப்போதும் குழாயில் இருந்தாக வேண்டும். இது வேனின் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட அதிகம். இந்த அழுத்தத்தைத் தருவது டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும் சிறிய மின்மோட்டார். அந்த மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறைந்தால் அதன் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அது அனுப்பும் பெட்ரோலின் அளவு குறையும். ஆனால் சமதளத்தில் இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் கொஞ்சம்தான் என்பதாலும், மீதி டேங்குக்கே திரும்பிவிடும் என்பதாலும், பம்ப் மெதுவாக ஓடுவது அங்கே வெளியில் தெரியாது. முழு லோடுடன் ஏற்றம் ஏறும்போதுதான் தேவை பம்பின் திறனைத் தாண்டிப் போகிறது. நோய் மலையில் மட்டும் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் புறப்படும் மின்சாரம், முதன்மை பியூஸைக் கடந்து, மெயின் ரிலே, பம்புக்குரிய பியூஸ், பம்ப் ரிலே ஆகியவற்றின் வழியாக வந்து, பிறகு வண்டியின் தரைக்கு அடியில் நீண்ட வயர் ஒன்றில் பயணம் செய்து, டேங்குக்கு அருகிலுள்ள கப்ளரை (வயர்களைக் கழற்றிச் சேர்க்க உதவும் பிளாஸ்டிக் இணைப்பை) அடைந்து, பம்புக்குள் நுழைகிறது. வரிசையில் சிற்சில வேறுபாடுகள் வண்டிக்கு வண்டி இருக்கலாம். பம்பிலிருந்து வெளியேறும் மின்சாரம், எர்த் வயர் வழியாக வண்டியின் இரும்பு உடலில் இறங்கி, அந்த உடல் வழியாகவே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. பழுது பார்ப்பவர்களில் பலர் போகும் பாதையை மட்டும் கவனிக்கிறார்கள். திரும்பும் பாதையும் அதே அளவு முக்கியமானது. போகும் மின்சாரம் எவ்வளவோ அவ்வளவும் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழியில் தடை இருந்தால், அது போகும் வழியில் இருக்கும் தடைக்குச் சமமான கேட்டைச் செய்யும்.

ரிலே என்பது, சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதனுள் கம்பிச் சுருள் ஒன்றும், அந்தச் சுருள் காந்தமாகும்போது ஒட்டிக்கொள்ளும் தொடுமுனைகளும் இருக்கின்றன. பம்ப் ரிலேயின் சுருளை இசிஎம் என்று அழைக்கப்படும் இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கருவி இயக்குகிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிப்பதற்கு முன்பாகவே, குழாயில் அழுத்தம் ஏற்றுவதற்காக அது பம்பை இரண்டு மூன்று வினாடிகள் மட்டும் ஓட்டும். பிறகு நிறுத்திவிட்டு, இன்ஜின் சுழல்கிறது என்ற தகவல் சென்சாரிலிருந்து வந்தால் மட்டுமே மீண்டும் ஓட்டும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால், உடைந்த குழாய் வழியே பெட்ரோல் தொடர்ந்து கொட்டிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது.

இந்த இரண்டு வினாடி ஓட்டமே நமக்குக் கிடைக்கும் முதல் சோதனைக் கருவி. ரேடியோவையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் டேங்குக்கு அருகில் காதை வைத்துக் கேட்க வேண்டும். சீரான ரீங்காரம் கேட்டால் பம்ப், ரிலே, பியூஸ், இசிஎம் ஆகிய நான்கும் ஓரளவேனும் வேலை செய்கின்றன என்று பொருள். ஒலியே கேட்கவில்லை என்றால் பாதை எங்கோ முற்றிலும் அறுந்திருக்கிறது, அல்லது பம்ப் இறுகிவிட்டது. சாவியைத் திருப்பும்போது ஒலி கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால், இன்ஜின் சுழல்வதை இசிஎம்முக்குத் தெரிவிக்கும் சென்சாரின் பக்கம் போக வேண்டும். அந்த நிலையில் பம்பைக் கழற்றுவது வீண்செலவு. ஒலி கேட்கிறது, ஆனால் சோர்ந்து, தாழ்ந்த குரலில் கேட்கிறது என்றால், அதுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்த நோய்.

மேலே போவதற்கு முன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் இளைஞர்கள் யாரும் அவசரத்தில் கடந்துவிடக் கூடாது என்பது என் உண்மையான கவலை. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், வண்டிக்கு அடியிலும் பட்டறைக் குழியிலும் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். ஆகவே அளவெடுக்கும் வேலைகளை டேங்கின் மூடியையோ பம்பையோ திறக்காமல், காற்றோட்டமான வெளியிடத்தில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் மின்சோதனையைத் தொடங்கவே கூடாது. டேங்கைத் திறக்க வேண்டி வந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். இன்ஜின் அணைந்த பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். எனவே பெட்ரோல் குழாயைக் கழற்றுவதற்கு முன், பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தணிக்க வேண்டும்.

பியூஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டை வடிவப் பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20 ஆம்பியர். எரிந்த பியூஸுக்குப் பதில் அதே அளவுடையதைப் போட்டதும் அதுவும் எரிந்தால், வயர் எங்கோ உரசி இரும்பைத் தொடுகிறது அல்லது பம்ப் இறுகிவிட்டது. டேங்கின் கப்ளரைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்போது பியூஸ் தாங்கினால் குற்றம் பம்பின் பக்கம்; அப்போதும் எரிந்தால் குற்றம் வயரின் பக்கம். அதற்குப் பதிலாகப் பெரிய பியூஸையோ செப்புக் கம்பியையோ சொருகுவது, எரிய வேண்டிய இடத்தைப் பியூஸிலிருந்து பெட்ரோல் டேங்குக்கு அருகிலுள்ள வயருக்கு மாற்றுவதாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பியூஸ் நன்றாகவே இருக்க, அது பொருந்தியிருக்கும் பித்தளைக் கவ்விகள் தளர்ந்துபோயிருக்கலாம். சிறிது நேரம் ஓடிய பிறகு பியூஸின் தலையைத் தொட்டால் சூடாக இருப்பது அதற்கு அடையாளம்.

ரிலேயைச் சோதிப்பதும் எளிது. பெரும்பாலான ரிலேக்களின் அடியில் 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் தொடுமுனைகள், பின் இரண்டும் சுருளின் முனைகள். ஹார்னுக்கோ வேறு எதற்கோ அதே வகை ரிலே வண்டியில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் கூட்டில் 30-க்கும் 87-க்கும் உரிய துளைகளை, நடுவில் 15 ஆம்பியர் பியூஸ் கொண்ட வயரால் இணைக்க வேண்டும். பம்ப் உடனே ஓடினால், ரிலேயில் அல்லது அதை இயக்கும் பக்கத்தில் குறை. ஓடாவிட்டால், ரிலேக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள பாதையில் குறை. இசிஎம்மிலிருந்து வரும் மெல்லிய வயரைச் சாதாரண டெஸ்ட் லேம்ப் கொண்டு சோதிக்க வேண்டாம். அந்த விளக்கு இழுக்கும் மின்சாரத்தை இசிஎம்மின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காமல் போகலாம். அங்கே வோல்டேஜ், தடை முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டரையே பயன்படுத்த வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தம்பியின் வண்டியை முன்பு பார்த்தவர்கள் கப்ளரைக் கழற்றி, அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியிருக்கிறது. மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே பம்ப்தான் கெட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். குமுளிப் பெரியவர் அந்த முடிவைக் கேட்டதும், "சும்மா நிக்கிறப்ப எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான் சார், வேலை கொடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் மின்பழுதுக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவர் சொன்னதன் பொருளை, அந்த மலைப்பாதையிலேயே கண்ணெதிரில் காணலாம். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி வருகிறது. அத்தகைய குழாய் ஒன்றின் அடியில் வால்வை மூடிவைத்து அழுத்தத்தை அளந்தால், அது தண்ணீர் நிற்கும் உயரத்தை மட்டுமே பொறுத்திருக்கும். குழாயின் நடுவில் சேறும் கல்லும் அடைத்து ஒரு விரல் இடைவெளிதான் எஞ்சியிருந்தாலும், அழுத்தமானி முழு அளவையே காட்டும். வால்வைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டால்தான், அடைப்புக்குக் கீழே அழுத்தம் சரிந்து விழுவது தெரியும். மல்டிமீட்டர் மூடிய வால்வைப் போன்றது. அது ஏறக்குறைய மின்சாரமே இழுக்காமல் அளப்பது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரும், துருப்பிடித்த எர்த்தும் அதற்கு நல்ல பாதையாகவே தோன்றும். பம்ப் 4 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கத் தொடங்கும்போதுதான் அந்த இடம் தன் உண்மையான குணத்தைக் காட்டும்.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது: ஓர் இடத்தில் வீணாகும் வோல்டேஜ் என்பது, அங்கே உள்ள தடையை, ஓடும் மின்சாரத்தால் பெருக்கினால் கிடைப்பது. துருப்பிடித்த இணைப்பின் தடை அரை ஓம்தான் என்று கொள்வோம். அரை ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் தடை அளவீட்டில், அதன் சொந்த வயர்களின் தடையிலேயே மறைந்துபோகக்கூடிய அளவு. பாதை அறுபடவில்லை என்று காட்ட மீட்டர் எழுப்பும் கண்டினியூட்டி ஒலியும் தடையின்றிக் கேட்கும். ஆனால் அதன் வழியே 5 ஆம்பியர் ஓடும்போது, 2.5 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். காணாமல் போவது வெறும் எண் அன்று, 2.5-ஐ 5-ஆல் பெருக்கினால் 12.5 வாட், அந்தச் சிறிய இணைப்பில் வெப்பமாக வெளிப்படுகிறது. அந்த வெப்பம் கப்ளரின் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி உருக்குகிறது, தொடுமுனையின் பிடியைத் தளர்த்துகிறது, தடையை மேலும் கூட்டுகிறது. வண்டி ஓட ஓட நோய் முற்றுவதற்கும், பத்து நிமிடம் நின்று ஆறியதும் மீண்டும் கிளம்புவதற்கும் இது ஒரு விளக்கம்.

ஆகவே அளவை எடுக்கும் முறை மாற வேண்டும். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசிமுனையை முனைகளைத் தொடும்படி செலுத்தி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். வேனின் முன்புறப் பேட்டரிக்கும் பின்புறக் கப்ளருக்கும் மீட்டரின் வயர் எட்டாது; ஆகையால் ஓர் ஒற்றை வயரை நீட்டிப் பொருத்திக்கொள்ள வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைப் பம்பின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தால், போகும் பாதையில் வீணாகும் வோல்டேஜ் தெரியும். அதேபோல் பம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால், திரும்பும் பாதையில் வீணாவது தெரியும். பொதுவாக எலக்ட்ரீஷியன்கள் கொள்ளும் கணக்கு, போகும் பாதையில் அரை வோல்ட் வரையிலும், திரும்பும் பாதையில் 0.2 வோல்ட் வரையிலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. நீண்ட வயருக்கே சிறிது தடை உண்டு என்பதால் போகும் பாதைக்குச் சற்றுக் கூடுதல் சலுகை தரப்படுகிறது: ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில், ஐந்து மீட்டருக்கு 0.09 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். 5 ஆம்பியர் ஓடினால் 0.45 வோல்ட் குறைவது அதன் இயல்பு.

தம்பியின் வண்டியில், இன்ஜின் ஓடும்போது, பேட்டரி முனைகளுக்கு இடையே 13.8 வோல்ட் இருந்தது. போகும் பாதையில் 0.6 வோல்ட் குறைந்தது. அது எல்லையைச் சற்றே தாண்டியது. திரும்பும் பாதையிலோ 2.3 வோல்ட். பம்புக்குக் கிடைத்தது 10.9 மட்டும். மூன்றையும் கூட்டினால் 13.8 வருவதைக் கவனியுங்கள். கூட்டுத்தொகை இப்படிச் சரியாக அமைவதே, நாம் எடுத்த அளவுகளில் பிழையில்லை என்பதற்கு அத்தாட்சி.

பம்ப் முற்றிலும் ஓடாத வண்டியில் இந்தச் சோதனையைச் செய்வதற்கு வேறொரு வழி உண்டு. பம்பின் கப்ளரைக் கழற்றி, பம்புக்குப் பதிலாக 60 வாட் முகப்பு விளக்கின் பல்பு ஒன்றை வயர் நீட்டி, வண்டிக்கு வெளியே தள்ளி வைத்து இணைக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட பம்பின் பசிக்குச் சமம். ரிலே கூட்டில் முன்சொன்ன பியூஸ் வயரைப் போட்டுவிட்டால், பல்பு தொடர்ந்து எரியும். வெண்மையாக எரிந்தால் பாதை நன்று. மங்கிச் சிவந்து எரிந்தால், பாதையில் எங்கோ தடை. பல்பு மிகவும் சூடாகும் என்பதை மறக்கக் கூடாது.

புதிய பம்ப் மாட்டிய இரண்டு முறையும் வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது ஏன் என்ற கேள்வி என்னை நெடுநேரம் வாட்டியது. பம்பை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மீண்டும் சொருகுகிறார்கள். எர்த் போல்ட்டையும் அசைக்கிறார்கள். அந்த உரசலில் முனைகளில் படிந்த களிம்பு சிறிது சுரண்டப்பட்டு, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. சில நாள்களில் ஈரம் மீண்டும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பழுது நீங்கியது புதிய பம்பால் அன்று, கப்ளரைக் கழற்றிய கையால்.

எர்த் இணைப்பு இவ்வளவு எளிதாகக் கெடுவதற்கு இந்த எல்லைப்பகுதியின் பருவநிலையும் காரணம். கம்பம் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஜூன் மாதத்திலேயே, குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் செம்மண் சேறு, வண்டியின் அடியில் எர்த் போல்ட்டின் மேல் அப்பிக்கொண்டு, ஈரத்தைப் பல நாள் தாங்கி நிற்கும். செம்பு முனையும் இரும்பு உடலும் ஈரத்தில் சேர்ந்திருந்தால், இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். செம்பில் பச்சைக் களிம்பு படரும். சில வேன்களில் பம்பும் பின்விளக்குகளும் ஒரே எர்த் புள்ளியைப் பகிர்ந்துகொள்கின்றன. அத்தகைய வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போதோ இண்டிகேட்டர் போடும்போதோ பம்பின் ரீங்காரம் தாழ்ந்தால், மீட்டரே இல்லாமல் எர்த்தைச் சந்தேகிக்கலாம். மழையில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஏறும்போது மட்டும் வண்டி திணறுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதைப் பட்டறைகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அது பொருட்படுத்த வேண்டிய தகவல்.

பாதையில் குறையே இல்லை, பம்புக்கு 13 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது, அப்படியும் ஒலி சோர்வாக இருக்கிறது என்றால், அப்போதுதான் பம்பின் மீது குற்றம் சாட்ட வேண்டும். தேய்ந்த கார்பன் பிரஷ் உள்ள பம்ப் சூடானதும் நின்றுவிடும். டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மீண்டும் ஓடத் தொடங்கும். அப்படி ஓடினால் அதற்கு ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பியூஸ் இருந்த இடத்தில் மீட்டரைத் தொடராக இணைத்து ஆம்பியரை அளந்தும் பார்க்கலாம்: வழக்கத்தைவிட அதிகம் இழுத்தால் பில்டர் அடைத்திருக்கிறது அல்லது மோட்டார் இறுகுகிறது. மிகக் குறைவாக இழுத்தால், பம்ப் பெட்ரோல் இல்லாமல் வறண்டு சுற்றுகிறது, அல்லது பாதையில் நாம் கண்டுபிடிக்காத தடை இன்னும் இருக்கிறது.

வறண்டு சுற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், மலைக்கு மேல் ஓடும் வண்டிக்காரர்கள் பலர், ரிசர்வுக்கு வந்த பிறகும் மேலே நிரப்பாமல், கீழே இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் பம்பைக் குளிர்விப்பது அதன் ஊடாகவும் அதைச் சுற்றியும் இருக்கும் பெட்ரோல்தான். டேங்க் எப்போதும் கால்வாசிக்குக் கீழேயே இருந்தால், ஏற்ற இறக்கத்தில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கும்போதெல்லாம் பம்ப் காற்றை உறிஞ்சிச் சூடாகும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சப்படுத்தி, ஆயிரக்கணக்கில் பம்புக்குக் கொடுப்பது கணக்குக்கு ஒவ்வாது.

தம்பியின் வண்டிக்குச் செய்த வைத்தியம் மிகச் சிறியது. பெரியவர் பழைய எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்திலிருந்த பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பின் வெண்மை தெரியும்வரை விடவில்லை. களிம்பேறிய வயர்நுனியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எறிந்தார். வெட்டிய இடத்தில் செம்பு கறுத்திருந்தால் இன்னும் உள்ளே வெட்ட வேண்டும் என்றார். புதிய வயரைச் சேர்த்து, அதன் நுனியில் வளையமுனையை இறுக்கி நசுக்கிப் பொருத்தி, பல்வாஷர் வைத்து முடுக்கி, காற்றும் நீரும் புகாதபடி மேலே கிரீஸ் பூசினார். வெறும் முறுக்கிச் சுற்றிய இணைப்பின் மேல் டேப் ஒட்டுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. போகும் பாதையில் குறைந்த 0.6 வோல்ட்டுக்கு, பியூஸ் கவ்விகளை நெருக்கிவிட்டதே போதுமானதாக இருந்தது. மீண்டும் அளந்தபோது எர்த் பக்கம் 0.07, போகும் பக்கம் 0.4, பம்புக்கு 13.3 வோல்ட். அந்த மூன்று எண்களையும் தேதியோடு வண்டியின் ஆர்சி புத்தக உறைக்குள் எழுதிவைக்கச் சொன்னார். அடுத்த ஜூன் மழைக்கு முன் அதே இடங்களில் மீண்டும் அளந்து, எர்த் பக்க எண் 0.2-ஐ நெருங்கியிருந்தால், வண்டி திணறுவதற்குக் காத்திராமல் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துவிடலாம்.